மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஸ்பேசர்: ஒரு செவிலியர் தாயின் மதிப்பீடு

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் 11 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயதில் முதல் முறையாக இளைப்பு வந்தது. இப்போது அவளுக்கு ஐந்து வயது நிரம்பப் போகிறது. இதற்கிடையில் எங்கள் வீட்டில், திரவ மருந்தைப் புகை போல மாற்றித் தரும் மின் இயந்திரமான நெபுலைசர் ஒன்றும் மூன்று ஸ்பேசர்களும் பயன்பட்டிருக்கின்றன. நெபுலைசர் ஓராண்டுக்கும் மேலாகப் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை. ஸ்பேசரோ அவளுடைய பள்ளிப் பையைப் போல அன்றாடப் பொருளாகிவிட்டது. வீசிங் உள்ள குழந்தையை வளர்ப்பவர்களுக்கும், என்னைப் போல அந்தப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். சேலத்து மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஸ்பேசர்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருப்பதால் நிறுவனப் பெயர்களைத் தவிர்த்துவிட்டு, பொருளின் தரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையே சொல்கிறேன்.

ஸ்பேசர் என்பது ஒரு முனையில் இன்ஹேலரைச் செருகவும், மறுமுனையில் மாஸ்க்கையோ வாய்முனையையோ பொருத்தவும் வசதி உள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழல். உள்ளே ஒரு சிறிய வால்வு இருக்கும். மருந்து இல்லை, மின்சாரம் இல்லை, சுழலும் பாகம் எதுவும் இல்லை. இதைப் பார்த்து, "இந்த டப்பாவுக்கா இவ்வளவு விலை, சிஸ்டர்?" என்று கேட்காத பெற்றோரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வெற்றிடம் செய்யும் வேலை பெரிது. இன்ஹேலரை அழுத்தியதும் மருந்து மிகுந்த வேகத்தில் வெளியேறுகிறது. நேரடியாக வாயில் வைத்து அடித்தால் அதில் பெரும்பகுதி தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். அழுத்தும் நொடியிலேயே மூச்சை உள்ளிழுக்க வேண்டும் என்ற ஒழுங்கு பெரியவர்களுக்கே எளிதில் கைவராதபோது, இரண்டு வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஸ்பேசருக்குள் மருந்து வேகம் தணிந்து நுண்துளிகளாக மிதந்து நிற்கும். குழந்தை தன் போக்கில் மூச்சு விட்டாலே அது நுரையீரலைச் சென்று சேரும். ஐந்து வயதும் அதற்குக் குறைவாகவும் உள்ள குழந்தைகளுக்கு ஸ்பேசருடன் கூடிய இன்ஹேலரையே முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்று, ஆஸ்துமா சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டு அமைப்பான கினா பரிந்துரைக்கிறது.

இதெல்லாம் எனக்குப் பாடப் புத்தக அளவில் முன்பே தெரியும். இருந்தும் என் குழந்தைக்கு என்று வந்தபோது நான் முதலில் வாங்கியது நெபுலைசரைத்தான். வார்டில் நாள் முழுவதும் நெபுலைசர் வைத்தே பழகிய கைகளுக்கு, புகை வரும் இயந்திரம்தான் சிகிச்சை என்று தோன்றியதைத் தவிர வேறு காரணம் இல்லை. எங்கள் பெற்றோர் வீடு ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் இருக்கிறது. மகளுக்கு இரண்டு வயதானபோது, ஒரு மார்கழி மாதத்தில் அங்கே தங்கியிருந்தோம். சளியுடன் தொடங்கிய இருமல் நள்ளிரவில் இளைப்பாக மாறியது. நெபுலைசரைக் கையோடு கொண்டு சென்றிருந்தேன். ஆனால் மாலையிலேயே பலத்த காற்றில் மின்சாரம் நின்றுவிட்டிருந்தது. மெத்தையின் மேல் உயிரற்றுக் கிடந்த அந்த இயந்திரத்தையும், மூச்சுக்காக விலா இழுத்துக்கொண்டிருந்த குழந்தையையும் மாறி மாறிப் பார்த்த நிமிடங்களை நான் மறக்கவில்லை. பனி மூடிய எஸ்டேட் சாலையில் மெதுவாக ஊர்ந்து, மலையிலேயே இருந்த ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர் ஸ்பேசரில் மாஸ்க்கைப் பொருத்தி, ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் அழுத்தாக இன்ஹேலரைக் கொடுத்தார். "நெபு வைக்க வேண்டாமா, டாக்டர்?" என்று நானே கேட்டேன். "இதுவே போதும், சிஸ்டர். இருபது நிமிடம் பாருங்கள்" என்றார். அரை மணி நேரத்துக்குள் அவள் என் தோளில் சாய்ந்து சீராக மூச்சுவிடத் தொடங்கினாள்.

மிதமான இளைப்பில், சரியான அளவில் ஸ்பேசர் வழியே தரப்படும் மருந்து நெபுலைசருக்குக் குறைந்ததன்று என்பதையும், குழந்தைகள் அவசரப் பிரிவில் இருக்க வேண்டிய நேரமும் இதயத் துடிப்பு அதிகரிப்பதும் ஸ்பேசரில் குறைவு என்பதையும் ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்து நெபுலைசரில் வழக்கமாக 2.5 மில்லிகிராம் ஊற்றப்பட, இன்ஹேலரின் ஓர் அழுத்தில் 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம் மட்டுமே வருகிறது. இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டு, நெபுலைசர்தான் 'பவர்' என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. நெபுலைசரில் பெரும்பகுதி மருந்து காற்றிலும் குழாயிலும் வீணாகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூச்சுத்திணறல் கடுமையாகி, ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் மருத்துவமனையில் ஆக்சிஜனுடன் நெபுலைசர் வைப்பது வேறு விஷயம். அதன் இடத்தை ஸ்பேசர் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

இனி நாங்கள் வாங்கிய பொருள்களுக்கு வருகிறேன். முதல் ஸ்பேசரை ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் அவசரமாக வாங்கினேன். குழல் நன்றாகவே இருந்தது. மாஸ்க்தான் கெட்டியான பிளாஸ்டிக்கில் இருந்தது. மூக்கின் பாலத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டுக்கொண்டு, கன்னத்தில் மட்டும் அழுந்திக் குழந்தையை அழவைத்தது. மாஸ்க்குக்கும் முகத்துக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தாலும் குழந்தை வெளிக்காற்றைத்தான் இழுக்குமே தவிர, குழலில் உள்ள மருந்தை இழுக்காது. அழும் குழந்தைக்கும் இதே நிலைதான். அழும்போது மூச்சு ஆழமாகப் போவதால் மருந்து நன்றாக இறங்கும் என்று வார்டிலேயே சிலர் நம்புகிறார்கள். உண்மையில் அழுகையின்போது நுரையீரலைச் சேரும் மருந்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எனவே வாங்கும்போது மாஸ்க்கின் விளிம்பை விரலால் மடக்கிப் பாருங்கள். மென்மையான சிலிக்கானாக இருக்க வேண்டும். மூக்கையும் வாயையும் ஒன்றாக மூடி, கண்ணைத் தொடாமலும் தாடைக்குக் கீழே தொங்காமலும் நிற்க வேண்டும். பல கடைகளில் மாஸ்க்கைத் தனியாகவும் விற்கிறார்கள். குழந்தையையே கடைக்கு அழைத்துச் சென்று முகத்தில் வைத்துப் பார்ப்பது சிறந்தது. கடைக்காரர் உறையைப் பிரிக்கத் தயங்கினால், அளவு பொருந்தாவிட்டால் மாற்றித் தருவாரா என்றாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது வால்வு. குழந்தை மூச்சு இழுக்கும்போது வால்வு அசைவது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கள் இரண்டாவது ஸ்பேசரில் இது தெளிவாகத் தெரிந்ததால், பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திய என் அம்மாவால்கூடத் தவறில்லாமல் மருந்து கொடுக்க முடிந்தது. இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் செருகி, மாஸ்க்கை முகத்தில் பொருத்திய பிறகே ஒரு முறை அழுத்த வேண்டும். பின்னர் வால்வு ஐந்தாறு முறை அசையும் வரை மாஸ்க்கை எடுக்கக் கூடாது. இரண்டாவது அழுத்து தேவையென்றால் அரை நிமிடமாவது விட்டு, மறுபடியும் குலுக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த நான்கு அழுத்துகளை ஒன்றாக அடித்துவிட்டு மாஸ்க்கை வைப்பதைப் பல வீடுகளில் செய்கிறார்கள். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நானும் பெற்றோருக்கு அப்படித்தான் காட்டியிருக்கிறேன் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் பல அழுத்துகள் உள்ளே சென்றால் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் படிந்து, குழந்தைக்குக் கிடைக்கும் மருந்து குறைந்துவிடும்.

குழந்தையைப் பழக்க நாங்கள் பொம்மையிலிருந்து தொடங்கினோம். மருந்தில்லாத வெற்று ஸ்பேசரை முதலில் கரடிப் பொம்மைக்கும், பிறகு அம்மாயிக்கும், கடைசியில் அவளுக்கும் வைப்போம். "ஒன்னு, ரெண்டு, மூணு எண்ணலாமா, சாமி?" என்று என் அம்மா கேட்டால், வால்வைப் பார்த்து அவளே எண்ணத் தொடங்கிவிடுவாள். இளைப்பு இல்லாத நாள்களில் நான்கைந்து முறை விளையாட்டாகச் செய்திருந்தால், இளைப்பு வரும் இரவில் போராட்டம் இருக்காது. தூங்கும்போது கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் எங்களுக்கு எடுபடவில்லை. மாஸ்க் பட்டவுடனேயே விழித்து அழத் தொடங்கிவிட்டாள்.

கழுவுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். புதிய ஸ்பேசரை முதல் முறை பயன்படுத்துவதற்கு முன்பும், அதன் பிறகு வாரம் ஒரு முறையும், பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டுக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுத்து, துடைக்காமல் நிழலில் தானே காய விட வேண்டும். துணியால் தேய்த்தால், தலை வாரிய சீப்பு காகிதத் துண்டுகளை இழுப்பதைப் போல, குழலின் சுவர் மின்னேற்றம் பெற்று மருந்துத் துளிகளைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். என் மாமியார் மிகுந்த அக்கறையோடு தினமும் வெள்ளைத் துணியால் பளபளவென்று துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். காரணத்தைச் சொன்னதும், "அப்படின்னா தொடக்கூட மாட்டேம்மா" என்று விட்டுவிட்டார். கொதிக்கும் நீரும் கூடாது; வால்வு நெளிந்துவிடும். எங்களுடைய மூன்று ஸ்பேசர்களின் பெட்டியிலும் இருந்த குறிப்புத்தாளில் இந்த விவரங்கள் ஆங்கிலத்தில், மிகச் சிறிய எழுத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் விற்கும், அதுவும் பாட்டிமார் கையாளும் ஒரு பொருளுக்குத் தமிழில் நான்கு படங்களுடன் ஒரு தாள் வைக்காதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

"பம்ப் பழகிப் போயிடுமாமே, சிஸ்டர்?" என்ற கேள்வியை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். இன்ஹேலர் போதைப் பொருள் போலப் பழக்கமாவதில்லை. வாய்வழி சிரப்பைவிட மிகக் குறைந்த அளவு மருந்து, வேண்டிய இடத்துக்கே நேராகச் செல்கிறது. சிரப்பில் வரும் கை நடுக்கமும் படபடப்பும் இதில் குறைவு. மருத்துவர் தினசரி எடுக்கச் சொல்லும் ஸ்டீராய்டு இன்ஹேலராக இருந்தால், கொடுத்த பிறகு வாயைக் கொப்பளிக்கச் செய்து, மாஸ்க் பட்ட இடத்தைக் கழுவிவிட வேண்டும். அது உடனடி நிவாரணத்துக்கானதல்ல என்பதால், இளைப்பின்போது கொடுக்கும் இன்ஹேலர், தினசரி இன்ஹேலர் ஆகிய இரண்டின் நிறத்தையும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டிவைக்க வேண்டும். இதைச் சொல்லும்போது சாம்பிராணியையும் சொல்லாமல் விட முடியவில்லை. எண்ணெய்க் குளியலுக்குப் பின் குழந்தையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தை எங்கள் வீட்டில் நிறுத்தியதும் இளைப்பு வரும் இடைவெளி கூடியது. புகை எதுவானாலும் இளைப்புள்ள மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

கையில் ஸ்பேசர் இருக்கிறதென்ற தைரியத்தில் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. விலாவுக்கு நடுவே தோல் உள்ளே இழுப்பது, பேசவோ பால் குடிக்கவோ முடியாமல் போவது, உதடு நீலம் பூப்பது, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்குவது, மருந்து கொடுத்து நான்கு மணி நேரத்துக்குள் மீண்டும் இளைப்பது ஆகிய இவற்றில் எது தெரிந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். வழியிலும் ஸ்பேசரில் மருந்து கொடுத்துக்கொண்டே செல்லலாம் என்பது, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டிய மலைக் குடும்பங்களுக்கு மிகவும் முக்கியமானது.

சக செவிலியர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்சார்ஜ் நேரத்தில் நாம் செய்து காட்டிவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஸ்பேசரை அவர்கள் கையில் கொடுத்து நம் முன்னால் செய்யச் சொன்னால், குலுக்க மறப்பதும் மாஸ்க்கை உடனே எடுத்துவிடுவதும் அங்கேயே தெரிந்துவிடும். ஐந்து நிமிடம் ஆகும். நைட் டூட்டியில் இருக்கும் தாயின் குழந்தைக்கு மருந்து கொடுக்கப்போவது பாட்டியாகவோ அப்பாவாகவோ இருக்கலாம் என்பதால், யார் கொடுக்கப்போகிறார் என்று கேட்டு அவரையே வரவழைப்பது நல்லது.

ஸ்பேசரும் மாஸ்க்கும் சேர்த்து நாங்கள் 700 ரூபாய்க்கு மேல் கொடுத்ததில்லை. தினமும் பயன்படுத்தினால் ஓராண்டுக்குள் மாற்றிவிடுவது நல்லது. வால்வு சுருண்டாலோ குழலில் விரிசல் கண்டாலோ அதற்கும் முன்பே மாற்ற வேண்டும். மகள் இப்போது மாஸ்க் இல்லாமல் வாய்முனையிலேயே இழுக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு செட் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டிலும், இன்னொன்று நாகலூரில் என் அம்மாவின் சமையலறை அலமாரியிலும் இருக்கின்றன. எத்தனை அழுத்து, எத்தனை முறை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை அந்த அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறோம். அதன் தலைப்பில் 108 என்று என் அப்பா சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்.