பழைய காருக்குக் குறைந்த செலவில் பிக்கப்: சில வருஷங்கள் செய்து பார்த்ததில் எது பலன் தந்தது?

பழைய பெட்ரோல் காரின் இன்ஜினுக்குப் புதிதாகச் சக்தி சேர்ப்பது பெரிய செலவு வைக்கும் வேலை. ஆனால் புது வண்டியாக இருந்தபோது கிடைத்த சக்தியில் எவ்வளவு தொலைந்துபோயிருக்கிறது என்று பார்த்து, அதில் பெரும் பகுதியை வீட்டிலேயே மீட்டுவிடலாம். சில வருஷங்களாக நான் செய்துவருவது இதுதான்.

வண்டி இருபது வயதைத் தாண்டியது. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும் மல்டிபாயிண்ட் இன்ஜெக்‌ஷன். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்), ஆக்சிலரேட்டர் கேபிள் என்று பழைய சமாச்சாரங்களும் உண்டு. ஓடும், வழியில் நின்றுபோகாது, புகையும் இல்லை. ஏற்றத்தில் மட்டும் இழுவை போதாது.

முதலில் அளந்து வைத்துக்கொண்டேன். ஒரே சாலை, ஒரே திசை, ஏசி ஆஃப், மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்று, பக்கத்தில் உட்கார்ந்தவர் ஸ்பீடோமீட்டரை போனில் படம் பிடித்துத் தந்தார். ஏறக்குறைய 13 விநாடி. இப்படி ஒரு எண் கையில் இல்லையென்றால், புது பிளக் போட்ட அன்றைக்கு வண்டி பறப்பதுபோலத்தான் தோன்றும். காசு செலவழித்த மனசு அப்படி.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்ப்பது. இதைச் செய்யாமல் வேறு எதிலும் காசு போடாதீர்கள். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் இக்னிஷன் காயில் கனெக்‌ஷனையும் எடுத்துவிட்டு, பிளக் துளையில் அழுத்தமானியை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். எனக்குக் கிடைத்தவை 165, 165, 140, 160 பி.எஸ்.ஐ. சிலிண்டர்களுக்குள் பத்து சதவீத வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது அதைத் தாண்டி இருந்தது. அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தேன். ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஏறவில்லை. அப்படியென்றால் சந்தேகம் வால்வு மீது. ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருந்தாலும் இப்படிக் காட்டும், ஆனால் கூலன்ட் குறையவில்லை, ஆயிலும் பால் நிறமாகவில்லை.

வால்வை அழுத்தித் திறக்கும் பாகம் டேப்பட். அதன் கவரைத் திறந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில், மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் டேப்பட்டில் இடைவெளியே இல்லை. டேப்பட் தட்டும் சத்தம் கேட்டால் எல்லோரும் பதறுகிறோம். உண்மையில் சத்தமே போடாத டேப்பட்தான் ஆபத்து. வால்வு சீட் தேயத் தேய இடைவெளி சுருங்கி, கடைசியில் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் ஒட்டி உட்காரும் நேரத்தில்தான் தன் சூட்டை இறக்குகிறது. உட்காராவிட்டால் எரிந்துபோகும். மேனுவலில் இன்ஜின் குளிர்ந்த நிலைக்குத் தந்திருந்த அளவை வைத்தேன். இந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் மேனுவலைப் பாருங்கள், என் எண் உங்களுக்கு உதவாது. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி கம்ப்ரஷன் பார்த்தபோது மூன்றாவது 155-க்கு வந்திருந்தது. செலவு, ஃபீலர் கேஜும் டேப்பட் கவர் கேஸ்கட்டும் மட்டும். இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் உள்ள இன்ஜினில் இந்த வேலை கிடையாது. ஷிம் எனும் சிறு தகடு வைத்து இடைவெளியைச் சரிசெய்யும் வகையென்றால் வீட்டில் செய்வது சிரமம்.

கம்ப்ரஷன் சரி என்றானதும் இக்னிஷன். பிளக்கைக் கழற்றினால் அதன் முனையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வெளிர் பழுப்பு என்றால் நலம், கரி படிந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் உள்ளே போகிறது, வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு மிகுதி. என்னுடையவை நிறத்தில் தப்பில்லை, ஆனால் மின்முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது. வண்டி கேட்கும் சாதாரண நிக்கல் பிளக்கையே போட்டேன். இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும், அதற்காக வாங்கலாம். கூடுதல் சக்தி வருமென்று வாங்க வேண்டாம். அலுமினிய ஹெட் என்றால், பிளக் மாற்றும் வேலைக்கு இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு கழற்றுங்கள், மாட்டும்போது முதலில் கையால் திருகுங்கள். மரை போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

பிளக் வயருக்கு ஒரு எளிய சோதனை உண்டு. இருட்டில் பானட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது வயர்கள் மீது மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடும். கையை மட்டும் தூர வையுங்கள், அங்கே பாய்வது பல ஆயிரம் வோல்ட். என் வண்டியில் இரண்டு வயர்கள் தீபாவளி காட்டின. வயர் செட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார் மூன்றையும் சேர்த்து மாற்றினேன்.

அப்புறம் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம். மேனுவலில் டாப் டெட் சென்டருக்கு (பிஸ்டன் உச்சியைத் தொடும் புள்ளி) 10 டிகிரி முன்னால் என்று இருந்தது. டைமிங் லைட் பிடித்துப் பார்த்தால் 6 டிகிரி. எப்போதோ டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியவர் கண் மதிப்பில் வைத்திருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் சோதனை கனெக்டரை ஷார்ட் செய்த பிறகுதான் அடிப்படை டைமிங் தெரியும், இல்லையென்றால் இன்ஜினின் கணினியான இ.சி.யூ. தானே மாற்றிக்கொண்டே இருக்கும். 10-க்குக் கொண்டுவந்ததும் கீழ் ஆர்.பி.எம்.மில் வந்த மாற்றத்தை உணர ஸ்டாப்வாட்ச் தேவைப்படவில்லை. இன்னும் இரண்டு டிகிரி கூட்டினால் என்ன என்று கை அரிக்கும். ஏற்றத்தில் நாக்கிங் (பெட்ரோல் கண்டபடி வெடித்து எழும் தட்டல் சத்தம்) கேட்டால் அந்த ஆசைக்கு பிஸ்டன்தான் பலி. இங்கேயே ஆக்டேனையும் சொல்லிவிடுகிறேன்: நாக்கிங் இல்லாத சாதாரண இன்ஜினில் உயர் ஆக்டேன் பெட்ரோல் சக்தியைக் கூட்டாது. அது நாக்கிங்கைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

காசே இல்லாமல் கிடைத்தது ஆக்சிலரேட்டர் கேபிள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலைத் தரையோடு மிதிக்கச் சொல்லுங்கள். இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் வால்வு முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கேபிள் நீண்டு தொய்ந்திருந்தது. இரண்டு நட்டைத் திருகியதில் சரியானது. கேபிளை ஒரேயடியாக இறுக்கியும் விடாதீர்கள், ஐடிலிங் ஏறிவிடும்.

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தால் ஐடிலிங் சீராகும், பிக்கப் பெரிதாக மாறாது. வேக்குவம் ஹோஸ்கள் வெடித்திருக்கின்றனவா என்று விரலால் மடக்கிப் பாருங்கள், ரப்பர் மலிவு. கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் கவனிக்க வேண்டும். பழைய வண்டிகளில் அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் உண்டு, ஓவர்ஹீட் ஆகாதாம். இன்ஜின் சூடேறாவிட்டால் இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும், சிலிண்டர் சுவரும் தேயும். என் வண்டியில் இருந்தது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. மாற்றியதும் மைலேஜ் தெளிவாக உயர்ந்தது.

ஏர் ஃபில்டர் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதைச் சோதித்திருக்கிறது. கணினிக் கட்டுப்பாடுள்ள இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றுவதால் மைலேஜ் கூடவில்லை. வேகமெடுக்கும் நேரம்தான் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது. கார்புரேட்டர் வண்டிகளில் மைலேஜும் கூடும். ஆகவே அழுக்கான ஃபில்டரை மாற்றுங்கள், சாதாரணக் காகித ஃபில்டரே போதும்.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வீசிவிட்டுத் திறந்த கூம்பு வடிவக் கோன் ஃபில்டர் போடும் ஆசை எனக்கும் வந்தது, நண்பரின் ஃபில்டரை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். சத்தம் அருமை. ஸ்டாப்வாட்ச் அசையவில்லை, போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்த பிறகு இன்னும் மோசம். காரணம் எளிது. கம்பெனியின் குழாய் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது, திறந்த கோன் பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சுகிறது. 30 டிகிரி காற்றைவிட 60 டிகிரி காற்று சுமார் 9 சதவீதம் அடர்த்தி குறைவு. அந்த அளவுக்கு ஆக்சிஜனும் குறைவு.

பெட்ரோல் குழாயில் காந்தம், காற்றைச் சுழற்றும் விசிறி, சென்சார் வயரில் சொருகும் குட்டி 'சிப்' இவற்றின் பக்கமே போகாதீர்கள். அந்தச் சிப்பைப் பிரித்துப் பார்த்தால் பல சமயம் ஒரு ரெசிஸ்டர்தான் இருக்கும்; காற்று குளிர்ந்திருப்பதாக இ.சி.யூ.வை ஏமாற்றி பெட்ரோலைக் கூட்டும் தந்திரம். எரிபொருள் மிச்சமாகும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது, சொல்லிக்கொள்ளும்படி மைலேஜைக் கூட்டியது எதுவும் அதில் அகப்படவில்லை. பெட்ரோலில் கலக்கும் இன்ஜெக்டர் கிளீனர்களில் பாலிஈதர்அமீன் என்ற வேதிப்பொருள் உள்ளவை படிவுகளை உண்மையிலேயே கரைக்கும். ஆயில் மாற்றும் தேதிக்குச் சற்று முன் ஊற்றினால், கரைந்து ஆயிலில் இறங்கும் அழுக்கும் அதோடு வெளியேறும்.

இன்ஜினைக் குறைசொல்லும் முன் சக்கரத்தையும் பாருங்கள். சிறிது தூரம் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டிவிட்டு நான்கு வீல்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பின்பக்கம் ஒன்று அப்படி இருந்தது, சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததில் தீர்ந்தது. உயர் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் அது கிளட்ச். எந்த டியூனிங்கும் அதைக் காப்பாற்றாது.

இப்போது அதே 40-லிருந்து 80-க்கு 11 விநாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. இதில் பெரும்பங்கு டைமிங்குக்கும் டேப்பட்டுக்கும் என்பது என் கணிப்பு. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் டேப்பட் மட்டும் வருஷா வருஷம் கொஞ்சம் இறுகுகிறது, அந்த வால்வு சீட் தேய்ந்துகொண்டே போகிறது. இடைவெளி வைக்க ஸ்க்ரூவில் இடம் இருக்கும்வரை வைத்து ஓட்டுவேன், அதற்குப் பிறகு ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும்.