தங்க எழுத்துச் சான்றிதழை நம்பாதீர்கள், லேப் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்

மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். ஸ்கேன் முடிந்து வெளியே வரும்போது, கழுத்தில் அட்டை மாட்டிய பெண் ஒருவர் "சார், அஞ்சு நிமிஷம்" என்றார். அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு 55,000 ரூபாய்க்கு முடிந்தது.

தொப்புள்கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்லை, அதாவது புது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்லை, சேமித்தால் ரத்தப் புற்றுநோயிலிருந்து சர்க்கரை, ஆட்டிசம் வரை எல்லாவற்றுக்கும் பிள்ளைக்கு மருந்து கையிலேயே இருக்குமாம். "பணத்தைப் பார்க்காதீங்க மாப்ளே" என்றார் மாமியார். கையெழுத்துப் போட்டேன். பிரசவத்தன்று ஆள் வந்து அந்த ரத்தப் பையை எடுத்துப் போனார். மகள் பெயரைத் தங்க எழுத்தில் போட்டு ஒரு சான்றிதழ் வந்தது. அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம்.

நாலு வருஷம் கழித்து, மைத்துனர் மனைவி உண்டானதும் அதே நிறுவனம் 'குடும்பச் சலுகை' என்று கூப்பிட்டது. அப்போதுதான் எனக்கு லேப் ரிப்போர்ட்டைக் கேட்கத் தோன்றியது. இரண்டு வாரம் இழுத்தடித்து ஒரே ஒரு தாள் அனுப்பினார்கள். செல் எண்ணிக்கை 30 கோடி. கீழே, பாக்டீரியா கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்ற சோதனை): வளர்ச்சி உள்ளது.

தெரிந்த ரத்தநோய் மருத்துவரிடம் காட்டினேன். தாளின் ஓரத்திலேயே பேனாவால் கணக்குப் போட்டார். நோயாளியின் உடம்பில் இந்தச் செல்களை ஏற்றும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 2.5 கோடி செல்லாவது வேண்டும். அப்படியென்றால் இந்தப் பை 12 கிலோ குழந்தைக்குத்தான் காணும். என் மகள் அப்போதே 16 கிலோ.

அதைவிடப் பயம் அந்தக் கல்ச்சர் வரிதான். மாற்று சிகிச்சைக்கு முன் கீமோ கொடுத்து ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜையையே காலி செய்துவிடுவார்கள். எதிர்ப்பு சக்தி துளியும் இல்லாத உடம்பில் கிருமி வளர்ந்த பையை யார் ஏற்றுவார்? அமெரிக்காவில் 2018இல், மூட்டுவலி, முதுகுவலிக்கென்று தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்த ஊசி போட்டுக்கொண்ட 12 பேருக்குக் கிருமித் தொற்று வந்ததையும் சொன்னார்.

சரி, பை சுத்தமாகவே இருந்தாலும்? பிள்ளைக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை என்றால் அதே மரபணுக் கோளாறு அந்த ரத்தத்திலும் இருக்கும். ரத்தப் புற்றுநோயிலும் நோயின் விதை பிறக்கும்போதே அதில் இருந்திருக்கலாம். 1988இல் பாரிஸில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இந்தச் சிகிச்சை பலித்தது அவன் தங்கையின் ரத்தத்தால், அவனுடையதால் அல்ல. வைத்தியம் பொய்யில்லை. விற்கிற பேச்சுதான் பொய். வீட்டில் ஏற்கெனவே இந்தச் சிகிச்சை தேவைப்படும் நோயாளி இருப்பது போன்ற சூழல் தவிர, தனியார் சேமிப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைக்கவில்லை. ஆட்டிசத்துக்கு இது ஏற்கப்பட்ட சிகிச்சையும் அல்ல. இதெல்லாம் பணம் கட்டிய பிறகு படித்தது.

நிறுவனத்தைக் கேட்டால், "கிருமி இருந்தாலும் சேமிக்கச் சம்மதம்னு ஒப்பந்தத்துல இருக்கே சார்" என்கிறார்கள். எடுத்துப் பார்த்தேன், பொடி எழுத்தில் இருக்கிறது, கீழே என் கையெழுத்து. பணம் திரும்பாது.

மைத்துனர் கட்டவில்லை. அவர் மருத்துவரிடம் கேட்டது ஒன்றுதான்: கொடியை உடனே கட்டாமல் ஒரு நிமிஷமாவது விட்டுக் கட்டுங்கள், அந்த ரத்தம் பிள்ளைக்கே போகட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். என் மகளுக்கு அன்று எத்தனை விநாடி விட்டார்கள் என்று நான் கேட்கவே இல்லை. வாசலில் பெட்டியோடு நின்ற ஆளுக்குக் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.