போவிட்டியாவா, வெட்சியா? மலையக வீட்டுத்தோட்டத்துக்கு ஒரு பூஞ்செடி

லயத்து வாசலிலோ மரக்கறிப் பாத்தியின் ஓரத்திலோ ஒரேயொரு பூஞ்செடிக்குத்தான் இடமிருக்கிறது என்றால், இந்த மண்ணுக்கே உரிய வெட்சியையும், ஊதாப் பூப் பூக்கும் புதர்ச்செடியான போவிட்டியாவையும் (Melastoma) முதலில் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். வேலியோரத்தில் தானாகவே படரும் உண்ணிச்செடியிலும் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கும். ஆயினும் வெளிநாட்டிலிருந்து வந்து காட்டையே மூடிவிடும் அதை நட்டு வளர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

வெட்சிப் பூவின் குழாய் நீண்டு மெலிந்திருப்பதால், அதன் அடியிலுள்ள தேன் பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கும் தேன்சிட்டுகளுக்குமே எளிதில் எட்டுகிறது. கொம்பை வெட்டி ஊன்றினாலே வேர்விடும் இச்செடி கண்டி, பதுளைப் பக்கங்களில் செழித்து வளரும். தை, மாசியில் உறைபனி விழும் நுவரெலியாவில் தேறுவது கடினம்.

போவிட்டியாவின் ஊதாப் பூவில் தேனே கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே வெளிவரும். பூவைப் பற்றிக்கொண்டு, இறகுத் தசைகளை ரீங்கரிக்க அதிரவைக்கும் கருவண்டும் (மரத்தைத் துளைக்கும் பெரிய கருந்தேனீ) நீலவரித் தேனீயுமே அதை உதிர்க்க வல்லவை. பெட்டியில் வளர்க்கும் தேனீயால் அது முடியாது. கத்தரி, தக்காளிப் பூக்களும் இதே வகையைச் சேர்ந்தவை என்பதால், பாத்தியோரத்துப் போவிட்டியா அந்தக் காய்களுக்கு வேண்டிய வண்டுகளையும் தோட்டத்துக்குள் பழக்கிவிடுகிறது. எனது தெரிவு போவிட்டியாவாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம். மண்ணும் அதற்குச் சாதகமாகவே இருக்கிறது: தேயிலையைப் போலவே புளிப்பு மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் செடி என்பதால், புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்போ டொலமைட்டோ இட வேண்டியதில்லை.

பூச்செடி வைத்தால் குளவி வரும் என்று அஞ்சுவோர் உண்டு. கொழுந்து பறிக்கையில் குளவிக் கொட்டுக்கு ஆளானவர்களைக் கண்ட எவரும் அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கருவண்டும் நீலவரித் தேனீயும் தனித்து வாழ்பவை; கூட்டமாகத் திரண்டு தாக்குவதில்லை.

போவிட்டியாவுக்கும் குறைகள் உண்டு. ஒவ்வொரு பூவும் ஒரே நாளில் வாடிவிடும். வெட்டாமல் விட்டால் ஆளுயரத்தையும் தாண்டும். நுவரெலியா போன்ற குளிர்ந்த உயரங்களுக்கு, ஹோட்டன் சமவெளி வரை வளரும் அதன் உறவினமான ஓஸ்பெக்கியாவே பொருத்தம். அதன் பூவும் அதிர்வுக்கே மகரந்தம் தரும். சரணாலயத்திலிருந்து செடியைப் பிடுங்காமல், உங்கள் ஊர்ப் பாதையோரத்துப் போவிட்டியாவில் வெடித்திருக்கும் பழத்தைப் பிசைந்து கழுவி, அந்த நுண்ணிய விதைகளை ஈரமண்ணின் மேல் தூவுங்கள்; மண்ணால் மூட வேண்டாம்.