பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் வாங்கிய டிஜிட்டல் பியானோ

பன்னிரண்டு ஆண்டுகள் பியானோவைத் தொடாதிருந்த நான், இசையமைப்பாளர் ஷோபனின் ஃபான்டசி இம்ப்ராம்ப்டு என்ற பியானோ படைப்பை மீண்டும் கைவசப்படுத்தும் எண்ணத்தோடுதான், அழுத்தினால் கனம் தெரியும் 88 கட்டைகள் கொண்ட இந்த டிஜிட்டல் பியானோவை வாங்கினேன். 1834-இல் எழுதப்பட்டு, அவர் மறைந்தபின் 1855-இல் அச்சான அந்தப் படைப்பில், இடக்கை ஆறு சுரங்களை வாசிக்கும் அதே நேரத்தில் வலக்கை எட்டு சுரங்களை ஓட்ட வேண்டும். விரல்கள் நினைவில் வைத்திருந்ததை என் மணிக்கட்டு மறந்துவிட்டிருந்தது. உள்ளேயே இருக்கும், தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்துக்கும் கீழே இறக்கி, ஒவ்வொரு கையாகப் பழக முடிகிறது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் நள்ளிரவிலும் வாசிக்கலாம் (கட்டை தட்டும் ஓசை மட்டும் கீழ்வீட்டுக்குக் கேட்கிறதாம்). ஆனால் சுரங்களை நீட்டி ஒலிக்க வைக்கும், உடன் வந்த கால் பெடல் தரையில் வழுக்குவதோடு, பாதி மட்டும் அழுத்தினால் அதை உணர்வதேயில்லை என்பதால், மெதுவான நடுப்பகுதியில் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. வேறு பெடல் வாங்கியே தீர வேண்டும்.