ட்யூப்லெஸ் டயரும் மூணு குளிர்காலமும்

நேத்து ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், சைக்கிளுக்கு ட்யூப்லெஸ் மாத்தலாமாடான்னு. கேட்ட நேரம் சரியில்ல, நான் அப்ப பிளையர வச்சு வால்வு கோர, அதாவது வால்வுக்குள்ள திருகி மாட்டற சின்ன அடைப்ப, திருகிட்டு இருந்தேன், அது அசையவே மாட்டேங்குது.

தப்பு என்னுதுதான், ஒத்துக்கறேன். குளிர் ஆரம்பிச்சப்ப வால்வு அடியில இருக்கற மாதிரி வண்டிய நிறுத்திட்டு அப்படியே மறந்துட்டேன். ஓட்டைய அடைக்க டயருக்குள்ள ஊத்தற சீலன்ட் திரவம் மொத்தமும் அங்கயே இறங்கி, கெட்டியாகி, வால்வு வாயை அடைச்சுக்கிச்சு. லேட்டெக்ஸ் சமாச்சாரம், ரெண்டு மூணு மாசத்துலயே காய ஆரம்பிச்சிடும். கோரு ஒருவழியா வந்துச்சு, நுனியில பசை காஞ்ச மாதிரி வெள்ளையா ஒரு சவ்வு. டயருக்குள்ள கோலிகுண்டு சைஸுல ரப்பர் உருண்டை ஒண்ணு வேற உருளுது.

அதைவிட கடுப்பு, காத்து முழுசா இறங்கி பீடு, அதான் டயரோட உள் விளிம்பு, ரிம்மை விட்டு கழண்டிருந்துச்சு. கைபம்புல எவ்ளோ அடிச்சாலும் புஸ்ஸுனு சைடு வழியா போகுது. கடைசில உள்ள ஒரு ட்யூப போட்டு அடிச்சு ரெண்டு பீடையும் உக்கார வச்சு, ஒரு பக்கத்த மட்டும் பிரிச்சு ட்யூப உருவிட்டு, சோப்பு தண்ணி தடவி, கோர கழட்டி வச்சு அடிச்சப்பதான் டப்புனு உக்காந்துச்சு. ட்யூப்லெஸ்ஸுக்கு ட்யூப் தேவைப்படுது பாருங்க!

முன்னாடி ரெண்டு வருஷம் ஒழுங்கா செஞ்சேன், பிரச்சனையே வரல. வண்டிய தொங்கவிட்டு, வால்வ மேல் பக்கமா வச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ காத்து பாத்துட்டு சக்கரத்த நாலு சுத்து சுத்தி விடுவேன். 20 டிகிரியில 30 பிஎஸ்ஐ அடிச்சா 0 டிகிரியில 27 கிட்டதான் காட்டும், அத லீக்குனு நெனச்சு பயந்துடாதீங்க. மோட்டார் ஓடற இடத்துக்கு பக்கத்துல மட்டும் வைக்காதீங்க, அதுல வர்ற ஓசோன் ரப்பர்ல விரிசல் விழ வச்சிடும்.

ஓட்டறப்ப சொகுசுதான், பொய் சொல்லக்கூடாது. போன சீசன்ல முள்ள புடுங்கறேன், சொட்டு பால் மாதிரி பீச்சுது, சக்கரத்த சுத்தினா அடைச்சுக்கிச்சு, அப்படியே ஏறி போயிட்டே இருந்தேன், ட்யூப் போட்டவன் ஓரமா உக்காந்து பஞ்சர் ஒட்டிட்டிருந்தான்.

இருந்தாலும் ஃப்ரெண்டுகிட்ட ட்யூபே போடுடா, நிம்மதின்னு சொல்லிட்டேன். எனக்கு புது கோர் நாலு, சீலன்ட் ஒரு பாட்டில் ஆர்டர் போட்டாச்சு.