நாற்றங்காலும் விளைநிலமும்: ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி நகைச்சுவை இன்று

ஆஸ்திரேலியாவில் இன்று ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதப்பட்டுத் திரைக்கு வர மூன்று வாசல்கள் இருக்கின்றன: அரசு நிதியில் இயங்கும் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி, உள்நாட்டில் தோன்றிய சந்தா தளங்கள், அமெரிக்க ஓடிடி நிறுவனங்கள். இம்மூன்றின் வழியாகவும் அண்மை ஆண்டுகளில் மூன்று நல்ல தொடர்கள் வந்தன. ஏபிசியில் 2021இல் தொடங்கிய 'ஃபிஸ்க்', பிஞ்ச் தளத்தில் 2022 டிசம்பரில் வந்த 'காலின் ஃப்ரம் அக்கவுண்ட்ஸ்', அமேசான் பிரைமில் 2023இல் வந்த 'டெட்லாக்' ஆகியவை அவை. மூன்றுமே வெளிநாட்டுப் பார்வையாளர்களை அடைந்து, தொடரவும் வாய்ப்புப் பெற்றன. எது மிகுதியாகச் சிரிக்க வைக்கிறது என்பது அவரவர் விருப்பம். எந்த வாசல் நகைச்சுவையை வளர்க்கிறது, எது வளர்ந்ததை அறுவடை செய்கிறது என்பதே நான் இங்கே ஒப்பிட விரும்புவது.

நான்காவது வாசலான வணிகத் தொலைக்காட்சியை முதலிலேயே சொல்லி முடித்துவிடலாம், ஏனெனில் எழுதப்பட்ட தொடர்களைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய சாத்தியே கிடக்கிறது. எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1988இல் டென் சேனல் ஒளிபரப்பிய 'தி காமெடி கம்பெனி', அடுத்த ஆண்டு செவன் சேனலில் வந்த 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட்', கிரேக்கக் குடியேறிகளின் காபிக் கடையை மையமாகக் கொண்ட 'அக்ரோபோலிஸ் நவ்' எல்லாம் நாடு முழுவதும் பேசப்பட்டவை. 2002இல் ஏபிசியில் பிறந்த 'கேத் அண்ட் கிம்' 2007இல் செவனுக்குப் போனபோது, வணிகச் சேனல்கள் இத்துறையில் மீண்டும் பணம் போடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருந்தது. அது நீடிக்கவில்லை. லாட்டரியில் வென்று சிட்னியின் பணக்காரப் பகுதிக்குக் குடிபெயரும் லெபனியக் குடும்பத்தைப் பற்றி 2016இல் நைன் சேனல் எடுத்த 'ஹியர் கம் தி ஹபீப்ஸ்' இரண்டு சீசன்களோடு நின்றது. இன்று அங்கே தழைப்பது மேசையைச் சுற்றி நகைச்சுவையாளர்கள் அமர்ந்து பேசும் நிகழ்ச்சிகள்தான். 2013 முதல் டென்னில் வரும் 'ஹாவ் யூ பீன் பேயிங் அட்டென்ஷன்?' அவற்றுள் சிறந்தது. சாம் பாங், எட் கவலீ போன்றோரின் உடனடிப் பதிலடிகளுக்கு நிகரான வேகம் எழுதப்பட்ட தொடர்களில் அரிது. ஆனாலும் அது வாரத்தின் செய்தியோடு வாடிவிடுவது. வணிகச் சேனல்கள் காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை 55 விழுக்காடு உள்நாட்டு நிகழ்ச்சிகளைக் காட்ட வேண்டும் என்ற விதியைச் செய்தியும் விளையாட்டும் போட்டி நிகழ்ச்சிகளுமே பெரும்பாலும் நிறைவேற்றிவிடுவதால், இடரும் செலவும் மிகுந்த எழுத்து நகைச்சுவைக்கு அவற்றைத் தள்ளும் கட்டாயம் வலுவாக இல்லை.

இனி முதல் வாசல். 'ஃபிஸ்க்' கதையை ஒரே வரியில் சொன்னால் எந்தத் தயாரிப்பாளரும் பணம் போட்டிருக்க மாட்டார் என்றே தோன்றும். சிட்னியில் பெரிய ஒப்பந்தங்களைக் கையாண்ட வழக்கறிஞர் ஹெலன் டியூடர்-ஃபிஸ்க், மணவாழ்வு முறிந்து மெல்பர்னுக்குத் திரும்பி, உயிலும் சொத்துரிமையும் மட்டுமே பார்க்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிறார். எப்போதும் ஒரே பழுப்பு நிற உடை. மனிதர்களோடு பழகும் கலை அவருக்கு வரவே வராது. அலுவலகத்தை நடத்தும் ரே க்ரூபரும் அவர் சகோதரி ராஸும், வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன் ஜார்ஜும்தான் அவருடைய உலகம். ஒரு சீசனுக்கு ஆறு எபிசோடுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள்.

இதில் பிரமிக்க வைப்பது உயில் என்னும் களத்தின் தேர்வு. இறந்தவரின் நாற்காலிக்கும் சாம்பலுக்கும் நாய்க்குமாக உறவினர்கள் அடித்துக்கொள்ளும்போது மனிதச் சிறுமை முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. அந்தச் சண்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர் யார் மனமும் கோணாமல் பேசத் தெரியாத ஒருவர் என்பதால் ஒவ்வொரு காட்சியும் தானாகவே இறுகுகிறது. யாரும் நகைச்சுவைக்காகப் பேசுவதில்லை. எல்லோரும் தங்கள் காரியத்தில் கண்ணாக இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதியான ஹெலனின் தந்தை ஓர் ஆணை மணந்து வாழ்வதைத் தொடர் ஒருமுறைகூடப் பெரிய விஷயமாக்குவதில்லை. உயிரோட்டமான எழுத்து என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன்: சமூகம் எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பேச்சாகச் சொல்லாமல் இரவு உணவு மேசையில் காட்டிவிடுவது.

இந்தத் தொடரைத் தன் சகோதரி பென்னியுடன் சேர்ந்து எழுதி, இயக்கத்திலும் பங்கேற்று, முதன்மைப் பாத்திரத்தில் நடித்த கிட்டி ஃபிளானகன் திடீரென்று முளைத்தவர் அல்லர். 1990களில் செவனின் 'ஃபுல் ஃப்ரண்டல்' குறுநகைச்சுவை நிகழ்ச்சியில் தொடங்கி, பல ஆண்டுகள் மேடைச் சிரிப்புரை நிகழ்த்தி, ஏபிசியின் 'யுடோபியா'விலும் 'தி வீக்லி'யிலும் துணைப் பாத்திரங்களாகவும் சிறு பகுதிகளாகவும் பயின்று, அதன் பிறகே தன் தொடருக்கு வந்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டுப் பயிற்சி அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. ஏபிசியை மதிப்பிடும்போது திரையில் தெரியும் தொடர்களோடு இந்தக் காத்திருப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

'யுடோபியா'வையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை எடுத்த வொர்க்கிங் டாக் குழுவினர் 1994இல் 'ஃப்ரண்ட்லைன்' தொடரில் செய்தித் தொலைக்காட்சியையும், 2008இல் 'தி ஹாலோமென்'னில் பிரதமர் அலுவலகத்தையும், 2014இலிருந்து 'யுடோபியா'வில் நாட்டின் பெருந்திட்டங்களைத் தீட்டும் அரசு நிறுவனத்தையும் எடுத்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளாக நிர்வாக மொழியின் பொய்யை அவிழ்த்து வருகிறார்கள். இந்தப் பொறுமையை வேறு எந்த வாசலும் அவர்களுக்குக் கொடுத்திருக்காது.

'காலின் ஃப்ரம் அக்கவுண்ட்ஸ்' வேறு வகை. சிட்னியில் காலை நேரம் ஒரு தெருவைக் கடக்கும் இளம்பெண், காரில் வரும் கோர்டன் என்ற அந்நியனைச் சீண்டுவதற்காக நொடிப்பொழுதில் ஒரு குறும்பு செய்கிறாள். கவனம் சிதறிய அவன் ஒரு நாயின் மீது காரை மோதிவிடுகிறான். அடிபட்ட நாயைப் பராமரிக்க வேண்டிய கடமை இருவரையும் கட்டிப்போடுகிறது. உண்மை வாழ்விலும் தம்பதியரான பாட்ரிக் பிரமலும் ஹாரியட் டயரும் எழுதி நடித்திருக்கிறார்கள். அவர்களுக்கிடையே ஓடும் உரையாடலின் இயல்பு, ஒருவர் வாக்கியத்தை மற்றவர் பாதியில் பிடுங்கிக்கொள்ளும் விதம், வெட்கக்கேடான தருணங்களில் வெட்டாமல் நீளும் காட்சி ஆகியவை 'ஃபிஸ்க்'கிடம் இல்லாதவை. காதலும் காமமும் உடல்நலமும் வயது வேறுபாடும் இத்தனை திறந்த மொழியில் பேசப்படுவதற்குச் சந்தா தளத்தின் சுதந்திரமும் ஒரு காரணம்.

ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. 'காலின்' இரண்டு பேருடைய கதை. அவர்களைச் சுற்றியுள்ள நகரம் பின்னணியாக நின்றுவிடுகிறது. கோர்டனின் மதுக்கூடத்தை வேறொரு நாட்டின் நகரத்துக்குத் தூக்கி வைத்தாலும் கதையின் எலும்பு முறியாது. 'ஃபிஸ்க்'கின் அலுவலகத்தை அப்படி மெல்பர்னிலிருந்து நகர்த்த முடியாது. இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. பிரிட்டனில் பிபிசியும் அமெரிக்காவில் பாராமவுண்ட் பிளஸும் அதை எடுத்துக்கொண்டதற்கு இந்த இலகுவும் உதவியிருக்கலாம். எனினும் 'ஃபிஸ்க்'கும் நெட்ஃபிளிக்ஸ் வழியே வெளிநாடுகளில் பார்க்கப்படுகிறது. ஊரின் மணம் குறைந்தால்தான் ஏற்றுமதி ஆகும் என்று சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பிஞ்ச் தளத்தைப் பற்றி எனக்குள்ள பெரிய ஐயம் தொடரின் தரத்தைப் பற்றியது அன்று, வீட்டின் உறுதியைப் பற்றியது. அதன் தாய் நிறுவனமான ஃபாக்ஸ்டெல் 2025இல் டாசோன் என்னும் விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதே ஆண்டில் எச்பிஓ மேக்ஸ் தனியாக ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்ததால், பிஞ்ச் இதுவரை நம்பியிருந்த பெயர்பெற்ற அமெரிக்கத் தொடர்கள் அதைவிட்டுப் போயின. விளையாட்டு உரிமைகளுக்கு மேன்மேலும் பணம் தேவைப்படும் ஒரு நிறுவனத்தில் அடுத்த 'காலின்' போன்ற சிறு முயற்சிக்கு யார் வாதாடுவார்கள் என்ற கேள்வி நியாயமானது.

'டெட்லாக்'கை நான் மூன்றிலும் துணிச்சலானதாகக் கருதுகிறேன். தாஸ்மானியாவின் ஒரு சிற்றூர்க் கடற்கரையில் ஆணின் பிணம் கிடக்கிறது; விசாரிப்பவர்கள் நிதானமும் ஒழுங்கும் உருவான டல்சி காலின்ஸும், டார்வினிலிருந்து வந்து இறங்கிய கூச்சல்காரி எடி ரெட்கிளிஃபும். குற்றத் தொடர்களில் காலங்காலமாக இறந்து கிடக்கும் இளம்பெண்ணின் இடத்தில் ஆண்களை வைத்ததே முதல் திருப்பம். பழைய குடிகளும், பின்னர் வந்து குடியேறிய ஒருபாலீர்ப்புப் பெண்களும், உணவும் கலையுமாக அவர்கள் நடத்தும் குளிர்கால விழாவும் உள்ள ஊரில், அந்தத் திருப்பம் எத்தனை பேருடைய முகமூடியைக் கழற்றுகிறது என்பதை எட்டு எபிசோடுகள் நிதானமாகக் காட்டுகின்றன. பூர்வகுடிச் சிறுமிகளின் பாத்திரங்கள் வெறும் அணிகலனாக வைக்கப்படவில்லை. நிலம் யாருடையது என்ற கேள்வி துப்பறியும் கதைக்குள்ளேயே வேர் விட்டிருக்கிறது. ஒவ்வொரு எபிசோடும் ஒரு மணி நேர அளவில் ஓடும், வெளிப்புறக் காட்சிகள் நிறைந்த இத்தகைய தொடர், அரை மணி நேரச் சிக்கனத்துக்குப் பழகிய ஏபிசியில் எளிதில் நடந்திருக்காது. பணம் இருந்தால்தான் சில வகை நகைச்சுவை பிறக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் இதை எழுதிய கேட் மெக்கார்ட்னியும் கேட் மெக்லெனனும் எங்கிருந்து வந்தார்கள்? யூடியூபில் 2015இல் அவர்கள் வெளியிட்ட 'தி கேட்டரிங் ஷோ' என்ற சமையல் கேலித் தொடரின் இரண்டாம் பகுதியை ஏபிசி எடுத்துக்கொண்டது. அதன்பின் காலை நேரத் தொலைக்காட்சியைப் பகடி செய்யும் 'கெட் க்ராக்கின்' தொடரையும் அவர்களிடம் கொடுத்தது. அதன் இறுதி எபிசோடில் அவர்கள் விலகி நின்று, மிராண்டா டாப்செல், நக்கியா லூயி என்ற இரு பூர்வகுடிக் கலைஞர்களிடம் மேடையை ஒப்படைத்தார்கள். சிரிப்பு கோபமாக மாறிய அந்த எபிசோடைப் பார்த்தவர்களுக்கு 'டெட்லாக்' எந்த விதையிலிருந்து முளைத்தது என்பது விளங்கும். பாட்ரிக் பிரமலும் 2012இல் ஏபிசியின் 'எ மூடி கிறிஸ்மஸ்' தொடரில் நடித்தவர். பிறகு 2015இல் ஸ்டான் என்னும் உள்நாட்டுச் சந்தா தளத்தின் 'நோ ஆக்டிவிட்டி' வழியே வளர்ந்தார். ஆகவே மூன்று வாசல்களும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்று சொல்வது பாதி உண்மைதான். ஏபிசி நாற்றங்கால், மற்றவை விளைநிலங்கள். நாற்றங்காலில் நீர் குறைந்தால் மற்ற வயல்களில் அது உடனே தெரியாது, அடுத்த பருவத்தில்தான் தெரியும்.

நீர் குறையத்தான் செய்தது. 2018ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஏபிசிக்கான நிதியின் ஆண்டு உயர்வை மூன்றாண்டுகளுக்கு நிறுத்தியதன் மூலம் ஏறத்தாழ 84 மில்லியன் டாலர் பறிக்கப்பட்டது; பின்னர் வந்த அரசு அதைத் திருப்பித் தந்தாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் எடுக்கப்படாமல் போன தொடர்களை யாராலும் திருப்பித் தர முடியாது. முன்பு திரைத்துறை நிதி அமைப்பான ஸ்கிரீன் ஆஸ்திரேலியாவுடன் சேர்ந்து ஏபிசி நடத்திய 'ஃப்ரெஷ் பிளட்' திட்டம் 'ஆன்ட்டி டோனா' போன்ற இளம் குழுக்களைக் கண்டெடுத்தது. 2016இன் 'காமெடி ஷோரூம்' ஒரே நேரத்தில் ஆறு முன்னோட்ட எபிசோடுகளை மக்கள் முன் வைத்தது. தோற்கவும் இடம் தரும் இத்தகைய முயற்சிகள்தான் நாற்றங்காலின் உயிர். அதற்கு மாறாக, 1984இல் தொடங்கிப் புகழ்பெற்ற 'மதர் அண்ட் சன்' தொடரை 2023இல் புதிய நடிகர்களோடு மறு ஆக்கம் செய்தது எனக்கு வருத்தமே தந்தது. மாட் ஓகைனும் டெனிஸ் ஸ்காட்டும் திறமையாக நடித்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை, ஆனால் அவர்களுக்கெனப் புதிதாக ஒன்றை எழுதியிருக்கலாமே என்ற எண்ணம் விலகவில்லை.

திரையில் யார் தெரிகிறார்கள் என்ற அளவுகோலிலும் பொது ஒளிபரப்பே முன்னே நிற்கிறது. ஏபிசியின் 'பிளாக் காமெடி' 2014 முதல் 2020 வரை பூர்வகுடியினரே எழுதி நடித்த குறுநகைச்சுவை நிகழ்ச்சி. மற்றொரு பொது ஒளிபரப்பான எஸ்பிஎஸ், குவீன்ஸ்லாந்தின் சீன வம்சாவளிக் குடும்பத்தைப் பற்றிய 'தி ஃபேமிலி லா'வை 2016இலும், இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த நசீம் ஹுசைனின் 'லீகலி பிரவுன்' நிகழ்ச்சியை 2013இலும் கொண்டுவந்தது. அங்கு வாழும் தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டுச் சண்டைகளும் தொலைக்காட்சிக்கு உரியவையே என்று காட்டிய நிகழ்ச்சி அது. இவை எவையும் சந்தா எண்ணிக்கையைக் கணக்கிட்டுத் தொடங்கப்பட்டவை அல்ல.

2025 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆஸ்திரேலியச் சந்தாதாரர்களைக் கொண்ட ஓடிடி நிறுவனங்கள் உள்நாட்டில் தாங்கள் நிகழ்ச்சிகளுக்குச் செலவிடும் தொகையில் பத்து விழுக்காட்டை, அல்லது வருவாயில் ஏழரை விழுக்காட்டை, ஆஸ்திரேலியப் படைப்புகளில் இட வேண்டும் என்கிறது. நாடகம், சிறுவர் நிகழ்ச்சி, ஆவணப்படம், கலை, கல்வி என்று வகைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. நகைச்சுவைக்கெனத் தனிப் பங்கு இல்லை. பல ஆண்டு போராட்டத்துக்குப் பின் வந்த இந்தச் சட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் விளைநிலத்துக்குப் பாயும் நீர். முதிர்ந்த எழுத்தாளர்களுக்கு இனி வேலை கூடும். முதல் தொடரை எழுதப்போகும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு இன்னமும் ஏபிசியே கதி.

இவற்றைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் 'ஃபிஸ்க்'கின் மூன்று சீசன்களையும் வெளிவந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். பதினெட்டு எபிசோடுகளும் சேர்ந்தே ஒரு பெண் மெல்ல மெல்ல ஓர் இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் கதையாகின்றன. அடுத்து 'டெட்லாக்'. எடியின் கூச்சலும் வசையும் தொடக்கத்தில் சலிப்பூட்டி, பலரை இரண்டாம் எபிசோடோடு நிறுத்திவிடத் தூண்டும். அங்கே நிறுத்திவிட வேண்டாம், அந்தக் கூச்சலுக்கு அடியில் எடி எந்த இழப்பைச் சுமந்து வந்திருக்கிறாள் என்பது பின்னாலேதான் வெளிப்படுகிறது. 'காலின்' எந்த மாலையிலும், எந்த ஆயத்தமும் இல்லாமல் பார்க்கக்கூடியது.