கயாக் கவிழ்ந்தால்: கூட்டாளி கையா, காற்றுப் பையா?

போன மாசியில் திருநெல்வேலிக் கடற்கரையில், உவரியிலிருந்து கூடுதாழைப் பக்கம் கயாக்கில் (துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகு) போகும்போது, தண்ணீர் குடிக்கத் துடுப்பை மடியில் வைத்த நேரத்தில் கவிழ்ந்தேன். பெரிய அலைகூட இல்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்த வழி பேடில் ஃப்ளோட் ஒன்றுதான்: துடுப்பின் ஒரு நுனியில் மாட்டி ஊதும் காற்றுப் பை. இப்போது சேர்ந்து போகும் நாங்கள் நான்கு பேரும் டி ரெஸ்க்யூவுக்கு, அதாவது கூட்டாளி தன் படகிலிருந்தபடி நம்மை ஏற்றிவிடும் முறைக்கு, மாறிவிட்டோம். ஃப்ளோட்டைத் தூக்கிப் போடவில்லை, இருக்கைக்குப் பின்னால் கட்டிக் கிடக்கிறது.

ஃப்ளோட்டில் உள்ள வசதி தெரிந்ததுதான், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். துடுப்பைப் படகுக்குக் குறுக்கே செருகிவிட்டால் பை ஒரு பக்கம் தாங்கும், தொற்றி ஏறிவிடலாம். ஏறிய பிறகுதான் பாடு. காக்பிட்டுக்குள், அதாவது நாம் உட்காரும் குழிக்குள், நாலைந்து குடம் தண்ணீர் நிற்கும். நாம் எந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தாலும் அத்தனை தண்ணீரும் கூடவே அந்தப் பக்கம் ஓடும். ஒரு கையால் துடுப்பை அமுக்கிக்கொண்டு, மறுகையால் பம்ப் அடிக்க வேண்டும். கால்வாசி இறைப்பதற்குள் நான் மறுபடி தண்ணீருக்குள் கிடந்தேன். கரைக்கு வந்ததும் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "எங்க கட்டுமரம் கவுந்தா ஏறி உக்காந்தா போச்சு தம்பி. ஒங்களுது செம்பு மாதிரில்லா தண்ணி கோருது!" என்றார்.

டி ரெஸ்க்யூவில் ஆள் ஏறுவதற்கு முன்பே அந்தத் தண்ணீர் போய்விடுகிறது. எனக்கு அது ஒன்றே போதும். கூட்டாளி உங்கள் படகின் அணியத்துக்கு (முன்முனைக்கு) வந்து, கவிழ்ந்தபடியே அதைத் தூக்கித் தன் மடிக்கு முன்னால் குறுக்கே இழுப்பார். இரண்டு படகும் 'டி' எழுத்துப் போல நிற்கும். தண்ணீர் மொத்தமும் கொட்டிவிடும். படகை நிமிர்த்தி, தலைமாற்றிப் பக்கவாட்டில் அணைத்து, காக்பிட் விளிம்பில் தன் முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்துகொள்வார். நீங்கள் காலை உதைத்துப் பின்பக்கம் குப்புற ஏறி, கால்களை உள்ளே விட்டுத் திரும்பி உட்கார வேண்டியதுதான். ஊர்க் குளத்தில் நேரம் பார்த்தோம். டி ரெஸ்க்யூவுக்கு 2 நிமிடம். ஃப்ளோட்டில் ஏறி இறைத்து முடிக்க 8 நிமிடம். குளத்தில் அலை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருக்கையை ஒட்டிப் பின்னால் தண்ணீர் புகாத தடுப்பு உள்ள கயாக்கில்தான் இப்படி முழுக்க வடியும். தடுப்பு தள்ளி இருந்தால் கொஞ்சம் உள்ளேயே தங்கும். கூடாரம், சாப்பாடு என்று சாமான் ஏற்றிய படகை எங்களால் தூக்கவே முடியவில்லை. அப்போது ஏறியபின் பம்ப்தான், ஆனால் கூட்டாளி பிடித்திருப்பதால் இரண்டு கையும் சும்மா இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கவிழ்ந்தால் எப்படி என்று நாங்கள் பழகிப் பார்த்ததில்லை. மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களிலும் இறங்கியதில்லை. வழியில் பணகுடிக் காற்றாலைகள் விசையாகச் சுற்றினால் வண்டியைத் திருப்பிவிடுவோம்.

டி ரெஸ்க்யூவுக்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுதான் அதன் பலவீனம். காற்றில் வெறும் படகு நீந்துகிறவனைவிட வேகமாக ஓடும். அதனால் விழுந்தவுடன் படகைப் பிடி, அப்புறம் துடுப்பு, அப்புறம் விசில். விசில் கேட்கிற தூரத்தைத் தாண்டி யாரும் போவதில்லை. மெதுவாகத் துடுப்பு போடுகிறவரை முன்னால் விடுகிறோம். பெரும்பாலும் அது நான்தான்.